நிலவறைக்குள் அழும் குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். பேய்ப்பட ரசிகர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. எதையும் காட்டாமல் நிழலாலும் மூடுபனியாலும் அச்சுறுத்துவதே கலை என்பார்கள் ஒரு சாரார். ரத்தம் தெறிக்காவிட்டால் அது என்ன பேய்ப்படம் என்பார்கள் மறு சாரார். இந்த இரு சாராரையும் ஒரே வீட்டுக்குள் குடிவைத்தவர் இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்ச்சி. 1981ஆம் ஆண்டு ஒன்றிலேயே அவர் அப்படி இரண்டு படங்களைத் தந்தார். 'தி பியாண்ட்' லூசியானாவின் பழைய விடுதி ஒன்றில் நிகழ்கிறது. இன்று நான் சற்று நின்று பேச விரும்புவது மற்றொன்றாகிய 'தி ஹவுஸ் பை தி செமட்டரி' குறித்து.

நியூயார்க்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சிறுவன் பாபுடன் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். கூடத்துத் தரையிலேயே ஒரு கல்லறை இருக்கிறது. நிலவறையின் கதவு திறக்க மறுக்கிறது. ஓரிரவு, வீட்டுத் தரகர் பெண்மணி அந்தக் கூடத்திலேயே கொல்லப்பட்டு நிலவறைக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். மறுநாள் காலையில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், தரையில் நீண்டு கிடக்கும் ரத்தக் கறையைத் துணியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரி வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். காபி போட்டிருக்கிறேன் என்று பதில் வருகிறது. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. முந்திய இரவின் கொலை, கண்ணை மூடிக்கொண்டால் தீர்ந்துவிடும் அச்சம்; ஆனால், காலை வெளிச்சத்தில் ரத்தத்தை வீட்டு வேலையோடு வேலையாகத் துடைக்கும் அந்தக் கை, படம் முடிந்த பின்பும் என்னை விடவில்லை.

செர்ஜியோ சல்வாத்தியின் ஒளிப்பதிவு, குளிர்கால மரங்களையும் தூசு படிந்த கூடத்தையும் எவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறதோ, அதே பொறுமையோடு கிழிபட்ட தசையையும் பார்க்கிறது. அதனால்தான், சூழல் நன்றாக இருக்கிறது, ரத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை. ஈரம் ஊறிய சுவரிலிருந்து நீர் கசிவதைப்போல, இந்த வீட்டிலிருந்து ரத்தம் கசிகிறது. பிரிட்டனில் 1980களில் தடைக்குரிய வீடியோக்களின் பட்டியலில் இவ்விரு படங்களும் இடம்பெற்றபோது, அதிகாரிகளின் கண்ணில் பட்டது கசிந்த ரத்தம் மட்டுமே. சுவர் அவர்களுக்குத் தெரியவில்லை.

வானொலியில் பேசுகிறேன் என்பதால் ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்கால இத்தாலியப் படங்களில் வசனம், காலடி, கதவின் கிறீச்சொலி என எல்லாவற்றையும் பெரும்பாலும் பின்னரே ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்த்தார்கள். வாயசைவு ஒன்றும் சொல் ஒன்றுமாக விலகிப்போகும் டப்பிங் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதல்ல. சிறுவன் பாபின் ஆங்கிலக் குரலைக் கேட்டு நானும் முதலில் சிரித்தேன்; ஒரு பெரியவர் குழந்தையைப்போல மிழற்றுவதாக அது ஒலிக்கிறது. ஆனால், உடலை விட்டுக் குரல் சற்றே விலகி நிற்கும் இந்தக் குறையே பேய் வீட்டுக்கு வாய்த்த வரமும் ஆகிவிடுகிறது. நிலவறையில் பதுங்கியிருப்பவன் டாக்டர் ஃபிராய்ட்ஸ்டைன்; பிறர் உடலுறுப்புகளைக்கொண்டு தன்னைப் புதுப்பித்து, நூறாண்டுக்கும் மேலாகச் சாகாமல் கிடப்பவன். அழுகிய அந்த உடலிலிருந்து எழுவது உறுமல் அன்று, ஒரு குழந்தையின் விசும்பல். எங்கிருந்து வருகிறது, யாருடையது என்று படம் கடைசி வரை விளக்குவதில்லை.

இறுதியில் பாப், கூடத்துக் கல்லறையின் விரிசலை நோக்கி நிலவறை ஏணியில் ஏறுகிறான். கீழிருந்து ஒரு கை அவன் காலைப் பற்றுகிறது. மேலிருந்து இன்னொரு கை அவனை இழுத்துக்கொள்கிறது. தப்பிவிட்டான் என்று நாம் மூச்சு விடுகையில், அவனை இழுத்தவள், படம் நெடுக அவன் கண்ணுக்கு மட்டும் தென்பட்ட, ஃபிராய்ட்ஸ்டைன் காலத்துச் சிறுமி என்பது நினைவுக்கு வருகிறது. அவளோடும் அவள் தாயோடும், இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே அவன் நடந்து போகிறான்.