சாக்பீஸ் யார் கையில்?

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற கணக்கில், இயற்பியலையே பட்டப் படிப்பாக எடுத்துப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து வருகிறேன். அதில் நான் முதலில் தவறாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டவற்றைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

நுழைவுத் தேர்வு என்றாலே நம் பக்கத்தில் நீட், ஜேஇஇ என்ற இரண்டு பெயர்கள்தாம் காதில் விழுகின்றன. நான் சொல்வது, ஐசர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் நடத்தும் தேர்வு. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என 7 ஊர்களில் இந்நிறுவனங்கள் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் தன் இளநிலைப் படிப்புச் சேர்க்கைக்கு இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கருத்தில் கொள்கிறது. நமக்குப் பேருந்தில் சில மணி நேரத் தொலைவுதான் அது. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஆகிய நான்கிலும் தலா 15 வினாக்கள், ஆக 60 வினாக்களுக்கு 3 மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. கணக்குப் போட்டால் வினா ஒன்றுக்கு 3 நிமிடம் வருகிறது. அந்த மூன்றில் முதல் நிமிடம், அதாவது எந்தச் சூத்திரமும் நினைவுக்கு வராமல் மாணவர் வெறுமனே வினாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம், எப்படிக் கழிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் இப்போது நினைக்கிறேன்.

முதலில் அப்படி நினைக்கவில்லை. பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த என் முதல் மாணவனுக்கு, ஓராண்டு முழுவதும் நானே கரும்பலகையில் கணக்குகளைப் போட்டுக் காட்டினேன். கடினமான கணக்குகள், அழகான வழிமுறைகள். அவன் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினான். எனக்கும் மனநிறைவாக இருந்தது. தேர்வு முடிந்து வந்தவன், "எல்லாம் பார்த்த மாதிரியே இருந்தது சார், ஆனா எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்றான். ஆரம்பிக்கும் வேலையை அந்த ஆண்டு முழுவதும் நானே செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு சாக்பீஸை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பேசியே பிழைத்தவனுக்கு, ஒரு பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு 4 நிமிடம் வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களாக இருக்கும் நேயர்களுக்குப் புரியும்.

இப்போது என்னிடம் படிக்கும் மாணவி பென்னாகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறாள். தமிழ் வழியில் படித்தவள். அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். ஒரு வாரம் அவளுக்குக் கிணற்று ராட்டினத்தை வைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். ராட்டினத்தின் மேல் போகும் கயிற்றின் ஒரு முனையில் 3 கிலோ, மறுமுனையில் 2 கிலோ தொங்குகின்றன. விட்டுவிட்டால் கயிற்றில் உள்ள இழுவிசை எவ்வளவு? ஜி என்பதை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, பத்து என்று வைத்துக்கொள்ளலாம். அவள் சட்டென்று 30 நியூட்டன் என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, பெரிய எடைதானே கயிற்றை இழுக்கிறது என்றாள்.

பழைய நானாக இருந்திருந்தால் தவறு என்று சொல்லிவிட்டுச் சரியான வழியைப் போட்டுக் காட்டியிருப்பேன். இம்முறை ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கயிறு 30 நியூட்டன் மேலே இழுக்குது, பூமி 30 நியூட்டன் கீழே இழுக்குது. அப்புறம் அந்த 3 கிலோ ஏம்மா இறங்குது?" அவள் பதில் சொல்லவில்லை. தான் வரைந்த படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தானாகவே, அந்த 3 கிலோவை மட்டும் தனியாக ஒரு கட்டமாக வரைந்து, மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு போட்டு, கீழே உள்ள அம்பை நீளமாக நீட்டினாள். பக்கத்தில் 2 கிலோவையும் வரைந்து, அதற்கு மேல் அம்பை நீளமாக்கினாள். "அப்போ முப்பதுக்குக் கீழே, இருபதுக்கு மேலே இருக்கணும் சார்" என்றாள். சமன்பாடு எதுவும் எழுதுவதற்கு முன்பே விடை எந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீதி ஐந்து வரி வேலைதான்: முடுக்கம் 2, இழுவிசை 24 நியூட்டன். 20, 24, 30, 50 என்று நான்கு விடைகள் தாளில் இருந்திருந்தால், அந்த ஐந்து வரிகூடத் தேவைப்பட்டிருக்காது.

விடைகளைக் கழித்துக் கட்டும் இந்த வேலையைக் குறுக்குவழி என்று சிலர் இகழ்கிறார்கள். நான் இதை இயற்பியலின் நடுப்பகுதி என்றே கருதுகிறேன். அதே ராட்டினத்துக்கு எண்கள் இல்லாமல் முடுக்கத்தைக் கேட்டால், நான்கு விடைகளில் ஒன்று விசையின் பரிமாணத்தோடு, அதாவது விசைக்குரிய அலகோடு, வரும். முடுக்கத்தைக் கேட்ட இடத்தில் விசைக்கு வேலையில்லை, அது போயிற்று. இன்னொன்றில் நிறைகளின் வேறுபாடு பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, நிற்கும்; இரண்டு நிறையும் சமமானால் முடுக்கம் எல்லையில்லாமல் போய்விடும், ஆனால் சமமான இரண்டு வாளிகள் அசையாமல் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. நிறைகளின் வேறுபாட்டை முதல் நிறையால் மட்டும் வகுத்து, ஜி ஆல் பெருக்கியிருப்பார்கள். சமநிறைக்குப் பூச்சியம் தரும், இரண்டாவது நிறையை எடுத்துவிட்டால் ஜி தரும், இரண்டு சோதனையிலும் தப்பிவிடும். அப்போது நிறைகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். வலது வாளியை இடதிலும் இடதை வலதிலும் மாட்டினால் திசை மாறலாமே தவிர அளவு எப்படி மாறும்? இந்த விடையில் மாறுகிறது, ஆகவே இதுவும் போயிற்று. வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்த விடை ஒன்றுதான் மிஞ்சுகிறது. வானொலியில் கரும்பலகை இல்லை என்பதால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

கழிவு மதிப்பெண்ணைக் கண்டு பிள்ளைகள் அளவுக்கு மீறி அஞ்சுவதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 4 வினாக்களுக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 மதிப்பெண் வரும், மூன்று தவறாகி 3 போகும், கையில் 1 நிற்கும். ஒவ்வொரு வினாவிலும் இரண்டு விடைகளை உறுதியாகக் கழித்துவிட்டுக் குறித்தால், அதே 4 வினாக்களுக்கு 8 வந்து 2 போய், 6 நிற்கும். உறுதியாக என்ற சொல்தான் இதில் முக்கியம். பிடிக்காத விடையைக் கழிப்பது வேறு, பொருந்தாது என்று காட்டிக் கழிப்பது வேறு. ஆகவே ஒவ்வொரு முறையும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தனிக் கண்ணி. ஜேஇஇ மெயின் தேர்வையும் நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஐசர் தாள் தமிழில் வருவதில்லை. என் மாணவி முதல் மாதத்தில் 'லைட் ஸ்ட்ரிங்' என்பதைப் படித்துவிட்டு, இதில் ஒளி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். நிறையற்ற கயிறு என்று பாடநூலில் நூறு முறை படித்தவள்தான். 'யூனிஃபார்ம் ராட்', அதாவது நிறை சீராகப் பரவிய தண்டு, என்றால் சீருடை நினைவுக்கு வந்ததாகச் சொல்லி அவளே சிரித்தாள். 'ஸ்மூத்' என்றால் உராய்வில்லை, 'ஃப்ரம் ரெஸ்ட்' என்றால் தொடக்கத் திசைவேகம் பூச்சியம் என்று, ஏறக்குறைய அறுபது சொற்களை ஒரு நோட்டில் எழுதி முடித்தோம். இயற்பியல் தாளுக்கு வேண்டிய ஆங்கிலம் அவ்வளவுதான். அதற்காகத் தனியாக ஆங்கில வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

எண்களின் அளவு பற்றிய உணர்வு எப்படி வருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியின் பிரேக் எவ்வளவு சூடாகும் என்று ஒருநாள் கேட்டேன். "எடையும் கொடுக்கலை, உயரமும் கொடுக்கலை, எப்படி சார் போடறது?" என்றாள். அப்பாவைக் கேட்டு வா என்று அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தவளிடம், பாரத்தோடு 30 டன் என்ற அவள் தந்தையின் கணக்கு இருந்தது. 100 மீட்டர் உயரம் இறங்குவதாக நாங்களே வைத்துக்கொண்டோம். நிலையாற்றல் இழப்பு 3 கோடி ஜூல். அது எவ்வளவு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. தண்ணீராக மாற்றிப் பார் என்றேன். 30 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் வேண்டும். ஆகவே 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம், அத்தனையும் பிரேக்கிலேயே இறங்கினால், சக்கரங்களுக்குள் இருக்கும் சில நூறு கிலோ இரும்பில் தேங்குகிறது. பென்சிலை வைத்துவிட்டு, "அதுக்குத்தான் எங்கப்பா ஏறின கியர்லதான் இறங்கணும், இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்னு சொல்வாரு" என்றாள். இப்படிப்பட்ட வினா தேர்வில் வராது. ஆனால் லாரியின் ஆற்றல் 300 ஜூல் என்று விடை வந்தால் அவள் இனி அதை நம்ப மாட்டாள்.

பெற்றோருக்கு ஒன்று. 11ஆம் வகுப்புப் பாடத்தைச் சில பள்ளிகளில் ஒப்புக்கு நடத்திவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறார்கள். இயக்கவியல், இயக்க விதிகள், வேலையும் ஆற்றலும், திண்மப் பொருள்களின் இயக்கம், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் 11ஆம் வகுப்பு நூலில்தான் இருக்கின்றன. தனிப்பயிற்சிக்கு ஆசிரியரைத் தேடும்போது, எத்தனை கணக்குப் போட்டுக் கொடுப்பார் என்று கேட்காதீர்கள். பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அடித்தலும் திருத்தலும் இல்லாமல் நோட்டு பளிச்சென்று இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று அர்த்தம்.

சென்ற ஞாயிறு அந்த மாணவி எனக்கே ஒரு கேள்வி வைத்தாள். அவர்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு தேங்காய் நார்க் கயிறாம், நனைந்தால் வாளியை விடக் கயிறு கனக்கும் என்கிறாள். "கயிற்றுக்கும் நிறை இருந்தா, வாளி இறங்க இறங்க அந்தப் பக்கம் கயிறும் கூடிக்கிட்டே போகுமே சார், அப்போ முடுக்கம் மாறிக்கிட்டே இருக்காதா?" நான் வாய் திறக்கவில்லை. சாக்பீஸ் அவள் கையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வந்து அதைத் தொடரப் போகிறாள்.

வணக்கம்.