மடக்குக்கத்தி விரலில் மடங்கினால்: முதல் பத்து நிமிடம்

(திரையில்: மேசை மேல் சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாடா கட்டிய அட்டைப்பெட்டி.)

போன வருஷம் இந்தக் கத்தியால் என் வலது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். கத்தியைப் பிடித்திருந்ததும் அதே வலது கைதான். பிடித்த கையே எப்படி வெட்டுப்படும் என்று நிறைய பேர் கேட்டார்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெட்டியை இறுக்கிக் கட்டியிருந்த நாடாவுக்கு அடியில் கத்தி முனையை நுழைத்து முன்னால் தள்ளினேன். முனை அட்டைக்குள் சிக்கிக்கொண்டது. கை முன்னே போனது, அலகு போகவில்லை. அழுத்தம் முழுக்க அலகின் முதுகில் விழுந்தது, கத்தி என் விரல் மேலேயே மடங்கிவிட்டது.

(திரையில்: கத்தி மெதுவாக மடங்கும் காட்சி. கைப்பிடிக்குள் இருக்கும் வில் அம்புக்குறியுடன்.)

இப்போது கத்தியின் உள்ளே பாருங்கள். கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டையான எஃகு வில் இருக்கிறது. அலகைத் திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அந்த வில் அலகின் அடியில் வந்து உட்காரும் சத்தம் அது. அதைக் கேட்டதும் பூட்டிக்கொண்டது என்று நம் மனசு நினைத்துக்கொள்கிறது. அது பூட்டு இல்லை. வில் அலகை அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதைவிடக் கொஞ்சம் அதிகமான அழுத்தம் எதிர்ப்பக்கமிருந்து வந்தால் விட்டுக்கொடுத்துவிடும்.

கத்தி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். பிரான்சில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தியில் முதலில் பூட்டே கிடையாது. அலகு மடங்காமல் இருக்கக் கழுத்தில் திருகும் வளையம் 1955இல்தான் வந்தது. சுவிஸ் ராணுவத்துக்கு கார்ல் எல்செனர் 1891இல் முதல் கத்திகளைக் கொடுத்தார். அந்த வகைக் கத்தி வெறும் வில்லை நம்பியே பல தலைமுறை ஓடியது. அதே ராணுவம் 2008இல் தேர்ந்தெடுத்த புதிய மாடலில் அலகுக்குப் பூட்டு உண்டு. உங்கள் கத்தி எந்த வகை என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். மூடுவதற்கு முன்னால் வளையத்தைத் திருப்பவோ, உள்ளே இருக்கும் தகட்டைத் தள்ளவோ வேண்டியிருந்தால் பூட்டு இருக்கிறது. சும்மா மடக்கினாலே மடங்கினால் இல்லை. பூட்டு இல்லாத கத்தியால் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள், டப்பா மூடி திறக்காதீர்கள். கூர்ப்பக்கத்தை வைத்து இழுத்து அறுப்பதற்கு மட்டும் அது.

எந்தக் கையில் காயம் என்று பார்த்தாலே என்ன தவறு நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கத்தி பிடித்த கையில் என்றால் அலகு மடங்கியிருக்கும், அல்லது மூடும்போது விரல் கைப்பிடியின் பள்ளத்துக்கு மேலே கிடந்திருக்கும். மற்ற கையில் என்றால் கத்தி வழுக்கியிருக்கும். மாம்பழத்தை உள்ளங்கையில் வைத்து வெட்டுவது, குச்சியைச் சீவும்போது கட்டைவிரலை அலகுக்கு முன்னால் நீட்டுவது, இதெல்லாம் இரண்டாவது வகை. மொக்கைக் கத்தி இதில் இன்னும் மோசம். வெட்டவில்லையே என்று அழுத்துவோம், திடீரென்று வெட்டுப்பட்டதும் அத்தனை பலமும் எதிரே இருக்கும் விரலில் போய் இறங்கும். சாரணர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருவார்கள். மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லையென்றால்தான் கத்தியைத் திறக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

(திரையில்: விரல் வரைபடம். வெள்ளைக் கோடு மெல்லச் சிவக்கிறது.)

சரி, வெட்டுப்பட்டுவிட்டது. எனக்கு முதலில் ரத்தமே வரவில்லை. நூல் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஒரு நொடி கழித்து அந்தக் கோட்டின் மேல் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள் எழும்பின, ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, வழிய ஆரம்பித்தது.

அந்த நொடியில் விரல் தானாகவே வாய்க்குப் போகும். போக விடாதீர்கள். நம் வாயில் இருக்கும் கிருமிகள் விரல் காயத்துக்கு நல்லதல்ல. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு, நின்றுகொண்டிருந்தால் தலையிலும் அடிபடும். விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு.

அப்புறம் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுக்கும்போதெல்லாம் அப்போதுதான் உறைந்த ரத்தமும் துணியோடு பிய்ந்து வரும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. விரலைச் சுற்றி நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டாதீர்கள்.

இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் காபித்தூளோடு வருவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் வருவார், அன்போடுதான் வருவார். தூள் ரத்தத்தோடு சேர்ந்து கட்டியாகிவிடுவதால் ரத்தம் நின்ற மாதிரி தெரியும். ஆனால் தையல் தேவைப்பட்டால் காயத்துக்குள் ஒட்டிக்கிடக்கும் ஒவ்வொரு துகளையும் நர்ஸ் தேய்த்துக் கழுவி எடுக்க வேண்டும். அது வெட்டுப்பட்டதைவிட வலிக்கும். சுண்ணாம்பு வேண்டாம், பற்பசை வேண்டாம். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் கொஞ்சம் இருந்தாலும், சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கியது இல்லை.

(திரையில்: குழாயடியில் விரல். தண்ணீர் மெல்லிய தாரையாக விழுகிறது.)

ரத்தம் நின்ற பிறகு கழுவுங்கள், அவசரப்படாமல், ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில். சாதாரணக் காயத்துக்கு சேலைன் பாட்டில் தேடி ஓட வேண்டியதில்லை, குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். குழாயில் வருவது உப்புத் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ என்றால் கேன் தண்ணீரையோ காய்ச்சி ஆறிய தண்ணீரையோ ஊற்றுங்கள். சோப்பு காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு மட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால், இவை கிருமியோடு சேர்த்து ஆற வேண்டிய சதையையும் கெடுக்கும்.

அடுத்த இரண்டு சோதனைகளை நான் அன்றைக்குச் செய்யவில்லை. பேண்ட்எய்டு ஒட்டியதும் வேலைக்குப் போய்விட்டேன். உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஒட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

(திரையில்: விரல் குறுக்குவெட்டு. இரண்டு பக்கமும் மஞ்சள் கோடுகள் நரம்பு. நடுவே வெள்ளைக் கயிறு தசைநாண்.)

விரலில் சதை குறைவு. தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இரண்டு பக்கவாட்டிலும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. உள்ளங்கைப் பக்கம் விரலை மடக்கும் தசைநாண் இருக்கிறது. அதனால் அரை அங்குல வெட்டுக்கூட ஆழமாகப் போயிருக்கலாம். நீளத்தை வைத்துக் காயத்தை எடைபோட முடியாது.

முதல் சோதனை உணர்வு. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காகித முனையால் விரல்நுனியின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் வேறொருவரை விட்டுத் தொடச் சொல்லுங்கள். மற்ற கையின் அதே விரலோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் அந்தப் பக்க நரம்பு அடிபட்டிருக்கலாம்.

இரண்டாவது அசைவு. நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்குங்கள். பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட விரலை நடு மூட்டில் மடக்குங்கள். கடைசியில் முழுக்க நீட்டுங்கள். மடங்கினால் மட்டும் போதாது. பாதி அறுந்த தசைநாணும் விரலை மடக்கும். எதிர்த்து மெதுவாக அழுத்தும்போது வலித்தாலோ பலம் குறைந்து தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். முழுக்க அறுந்த தசைநாணின் முனை உள்ளங்கையை நோக்கிச் சுருங்கிப் போய்விடும். நாளாக ஆக அதை இழுத்துச் சேர்ப்பது கஷ்டம்.

எனக்கு விரல் நன்றாக மடங்கியது. மூன்றாம் நாள் டம்ளரை எடுத்தபோதுதான் நுனியின் ஒரு பக்கத்தில் குளிர்ச்சியே தெரியவில்லை என்று கவனித்தேன். நரம்பு அறுந்திருந்தது, அறுவைச் சிகிச்சையில் சேர்த்தார்கள். அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நுனிவரை அது வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மருத்துவர் அந்தத் தடத்தின் மேல் விரலால் தட்டுவார். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சம் வரும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுனிப்பக்கம் தள்ளியிருக்கும்.

இரண்டு சோதனையும் சரியாக இருந்து, வாய் பிளக்காத காயம் என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தால், மூட்டின் மேல் வெட்டியிருந்தால், கத்தி குத்தி இறங்கியிருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சின்னக் காயம்தானே என்று விட வேண்டாம்.

(திரையில்: வெட்டுக்குக் குறுக்கே ஒட்டப்படும் மெல்லிய பட்டைகள்.)

கட்டுவது எளிது. மெல்லிய ஒட்டுப் பட்டையை வெட்டுக்குக் குறுக்காக, முதலில் ஒரு பக்கம் ஒட்டி, தோலின் இரு ஓரமும் சேரும்படி லேசாக இழுத்து மறுபக்கம் ஒட்டுங்கள். அதன் மேல் கொஞ்சம் வாசலின், மேலே பேண்ட்எய்டு. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும், இல்லையென்றால் கட்டு இறுக்கம்.

‘காத்தாட விடு, சீக்கிரம் காயும்’ என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பொருக்குத் தட்டினால் புதுத்தோல் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் மூடியே வையுங்கள், தினமும் ஒரு முறையும் நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள்.

டி.டி. ஊசியைத் துருவோடு மட்டும் சேர்த்து யோசிக்கிறோம். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது, பளபளக்கும் கத்தியிலும் ஒட்டியிருக்கலாம். சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டவர் என்றால், சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயத்துக்கு 5 வருஷம்தான் கணக்கு. முழுமையாகப் போட்டோமா என்றே நினைவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் விரலைக் கவனியுங்கள். வலி குறைந்துகொண்டே வர வேண்டும். விண்விண் என்று தெறித்தால், சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காதீர்கள். விரல் முழுக்க வீங்கி, பாதி மடங்கியபடியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். தசைநாண் உறைக்குள் சீழ் பிடிப்பதன் அறிகுறி அது.

(திரையில்: ஒரு சின்ன டப்பா திறக்கிறது.)

என் கத்தி இருக்கும் அதே அலமாரியில் இப்போது இந்த டப்பாவும் இருக்கிறது. நாலு காஸ் துணி, ஒட்டுப் பட்டை, பேண்ட்எய்டு, வாசலின். மூடியின் உட்பக்கத்தில் வீட்டில் ஒவ்வொருவரும் கடைசியாக டி.டி. ஊசி போட்ட தேதி.