குதிரைக்கு ஒரு தொட்டித் தண்ணீர்

அவைத் தலைவர் அவர்களே, என் பேச்சைவிடக் கைக்கடிகாரத்தை அதிகம் கவனிக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணனுக்கு நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும், சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

‘குதிரையும் வளர்த்தவரும்’ என்பது தலைப்பு. இலக்கியம், சரித்திரம், விஞ்ஞானம், ஐயனார் கோயில் மண்குதிரை என்று நான்கு பகுதியாகப் பேச வந்தேன்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் குதிரை. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஆனால் இது குதிரையைப் பற்றியது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

புறநானூற்றில் ஒரு பெண், போர் முடிந்த மாலையில் வாசலில் நிற்கிறாள். எல்லார் குதிரையும் வந்துவிட்டது, என் வீட்டுக்காரன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லையே என்கிறாள். குதிரை வந்தால் அவன் வந்த மாதிரி! நம் பக்கத்துச் செஞ்சியில் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் சொல்கிறது கதைப்பாடல். அந்தப் போர் எந்த மாதம் நடந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். குதிரையின் பெயரைக் கேளுங்கள், கிழவிகூடச் சொல்வாள்.

விஞ்ஞானத்துக்கு வருவோம். 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கோபமான முகத்தையும் சிரித்த முகத்தையும் படமாகக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். கோப முகத்தைப் பார்த்ததும் அவற்றின் இதயத்துடிப்பு விறுவிறுவென ஏறியது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய பாயிடம் கேட்டிருந்தால் இதைச் செலவில்லாமல் சொல்லியிருப்பார்.

அந்தப் பாய் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக்காரர். குதிரை பெயர் ராணி, செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒருநாள் பாய்க்குக் கடுமையான காய்ச்சல். பாயம்மா அவரை வண்டியில் படுக்கவைத்து, மகனை ஓட்டச் சொல்லி மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். லாரன்ஸ் ரோடு வந்ததும் ராணி தானாக ஓரம் கட்டி நின்றுவிட்டது. பையன் ‘த்தா, த்தா’ என்கிறான், கடிவாளத்தைச் சுண்டுகிறான், அசையவில்லை. என்ன கடை என்று பாயம்மா தலையை நீட்டிப் பார்த்தால், அடகுக்கடை! கடைக்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். “என்ன பாய், இந்த மாசம் வட்டி ஒரு நாள் முன்னாடியே?” பாய் காய்ச்சலிலும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் தொலைந்துபோனதாக அவர் சொல்லியிருந்த பாயம்மாவின் கல்லுத்தோடு அங்கே பத்திரமாக இருந்தது! (சிரிப்பு)

எதற்கு அடகு? ராணிக்கு வயிற்றுவலி வந்து, தரையில் புரண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிக் கடித்துக்கொண்ட இரவில் மருந்துக்குக் காசு இல்லை. பாயம்மா இறங்கி ராணியின் முகத்துக்கு நேரே போய், “உனக்காடி என் தோடு?” என்றார். அப்புறம் மடியிலிருந்த வெல்லத்தை எடுத்து நீட்டினார். பாயிடம் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வலிக்குக் காரணம், கோடையில் தண்ணீர் பற்றாதது. மருத்துவர் ஐயா இங்கே இருக்கிறார், தப்பென்றால் திருத்தட்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. தண்ணீர் குறைந்தால் தீவனம் குடலில் இறுகி உயிரையே வாங்கிவிடும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கிற பிராணி அது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கடல், குடிக்கத்தான் ஒரு வாய் இல்லை. குதிரைக்காரர் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவருகிறார். அதில் பாதியை அவரும் குடிக்க வேண்டும்.

வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கு 1965இல் மத்திய அரசு விதி போட்டது. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வேலையே கூடாது. நல்ல விதி. கடற்கரையில் ஒரு தண்ணீர்த்தொட்டி வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில். திறப்பு விழா என்றால் வாயெல்லாம் பல், மனு என்றால் வாயில் பூட்டு. கொள்ளுக்கும் கடிவாளத்துக்கும் யார் வாய் எப்படித் திறக்கிறது பாருங்கள்! (கைதட்டல்)

செயலாளர் மணி அடித்துவிட்டார். மண்குதிரையை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். தொட்டி இரண்டடி உயரம் போதும். சிமெண்டில் கட்டி, அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஓர் அடைப்பு வைத்து, வாரம் ஒருமுறை பாசி கழுவ ஆளும் வேண்டும். உறுப்பினர் அவர்கள் குறித்துக்கொண்டிருக்கிறார், மகிழ்ச்சி. வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து நோட்டு இருக்கிறது. பேனா கட்டித்தான் வைத்திருக்கிறோம், எடுத்துப்போக முடியாது. சுண்டல் வாங்கப் போகும்முன் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.