புது ஃபைபர் போட்டில் இத்தனை குறையா? ஒரு தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் 31 அடி ஃபைபர் போட் புதிதாக எடுத்தாராம். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்: "அண்ணே, பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தினால் தகரம் மாதிரி உள்ளே போகிறது. அடியில் அங்கங்கே கொப்புளம். ஐஸ் பெட்டி வைத்துத் தருகிறேன் என்றவர் வெறும் தடுப்பை வைத்துக் கொடுத்துவிட்டார். விளக்கு மாட்ட ஒரு கம்பிகூட இல்லை. முன்பக்கம் அணியத்தில் தட்டினால் காலி டிரம் மாதிரி சத்தம் கேட்கிறது. நகையை அடகு வைத்து வாங்கினேன், ஏமாந்துவிட்டேனா?"

தம்பி, நீங்கள் கொப்புளத்தைப் பற்றி நிறையப் பேசினீர்கள், ஐஸ் பெட்டியைப் பற்றிக் கோபப்பட்டீர்கள். காலி டிரம் சத்தத்தை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதைக் கேட்டதும்தான் திக்கென்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரம் மிதக்கும். கட்டுமரம் கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே கிடக்கலாம், நம் அப்பாக்கள் அப்படிக் கிடந்திருக்கிறார்கள். ஃபைபர் அப்படி இல்லை. கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்து கெட்டியானது தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். உள்ளே காற்று இருக்கும்வரை போட் மிதக்கும். தண்ணீர் நிறைந்தால் எஞ்சினையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். அதற்காகத்தான் அணியத்திலும் பின்பக்கம் கடையாலிலும் மூடிய அறைகள் வைத்து, உள்ளே ஃபோம் நிரப்புகிறார்கள். ஃபோம் இருக்கிற இடத்தில் தட்டினால் மந்தமாகக் கேட்கும். உங்களுக்கு டிரம் மாதிரி கேட்கிறது என்றால் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். மூடிய அறைதானே, காற்றே போதாதா என்று கட்டியவர் கேட்பார். ஓட்டை விழாதவரை போதும். கல்லில் ஒரு மோது மோதி விரிசல் விட்டால் அந்த அறையும் தண்ணீர்த் தொட்டிதான்.

எவ்வளவு ஃபோம் வேண்டும்? ஒரு பேச்சுக்கு உங்கள் போட்டின் கூடு மட்டும் 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் கனம் அப்படியே இருக்காது, சுமார் 250 கிலோவாகக் குறையும். எஞ்சின் ஒரு 90 கிலோ. ஆட்கள் பிடித்துத் தொங்குவதற்கும் வலைக்கும் கொஞ்சம் சேருங்கள். ஒரு லிட்டர் ஃபோம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். ஆக 400 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதையும் அடித்தளத்தில் மட்டும் போட்டால் தண்ணீர் நிறைந்த போட் புரண்டுவிடும். பக்கங்களில் மேலே, விளிம்பை ஒட்டிப் போட்டால்தான் நிமிர்ந்து நிற்கும்.

உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தண்ணீர் படாத உயரத்தில், அறையின் சுவரில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். டிரில் பிட்டில் மஞ்சள் நிறத்தில் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபோம் இருக்கிறது. சும்மா வந்தால் இல்லை. பார்த்துவிட்டுத் துளையை ரெசின் வைத்து அடைத்துவிடலாம். ஃபோம் இல்லையென்றால், அதை ஊற்றுகிறவரைக்கும் மூடியை இறுக்கிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களைப் பக்கங்களில் நன்றாகக் கட்டி வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

சரி, அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். நான் ஃபைபர் போட் கட்டுகிற யார்டில் பதினெட்டு வருஷம் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, போட்டவன், அதனால் கொஞ்சம் உள்விஷயம் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் வரும் மேட் ஒரு அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். ஆறு அடுக்கு போடவேண்டிய இடத்தில் ஐந்து போட்டால் ஆறில் ஒரு பங்கு பலம்தானே குறையும் என்று தோன்றும். விறைப்பு அப்படிக் குறைவதில்லை, கனத்தின் மும்மடிக்கணக்கில் குறையும். ஆறு மில்லிமீட்டர் ஐந்தானால் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேலே போய்விடும். ஒரு மேட்டின் காசை மிச்சம் பிடிக்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஆனால் உடனே அவர்மேல் பாயவேண்டாம். மேட் சரியாக இருந்து, உள்ளே நீளவாட்டில் வரும் கட்டைகளும் விலா எலும்பு மாதிரி வரும் வங்குகளும் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருந்தாலும் இப்படி ஆடும். அதைச் சரிசெய்துவிடலாம், இடையில் இரண்டு கட்டை வைத்து மேலே மேட் போட்டால் நின்றுவிடும். எது காரணம் என்று தெரிய, தண்ணீர் வெளியேற்றும் ஓட்டை போட்டபோது வெட்டிய வட்டத் துண்டு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் புதிதாக எங்காவது ஓட்டை போடும்போது அந்தத் துண்டை எடுத்து வையுங்கள். திறந்த வெளியில், புகை முகத்தில் படாமல் அதை நன்றாக எரித்தால் ரெசின் கருகிப் போய்விடும், கண்ணாடி இழை மட்டும் நிற்கும். அதை அடுக்கடுக்காக உரித்து எண்ணலாம். எத்தனை மேட், எத்தனை ரோவிங் (நெய்த இழைத் துணி) என்று அப்படியே தெரிந்துவிடும்.

கொப்புளம். இதற்கு நீங்கள் பயந்த அளவுக்குப் பயப்படவேண்டாம். பெயின்ட் மாதிரி மேலே இருக்கிறதே ஜெல்கோட், அது அரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் முதல் மேட்டை ரோலரால் சரியாக உருட்டாவிட்டால் காற்று தங்கிவிடும். வெயிலில் அது புடைக்கும். இன்னொரு வகை, தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி வருவது. வருஷக்கணக்காகத் தண்ணீரிலேயே கிடக்கும் போட்டில்தான் அதை அதிகம் பார்க்கலாம். உங்களுடையதைத் தினமும் கரையேற்றுகிறீர்கள், வயதும் ஆறு மாதம்தான். அதனால் முதல் வகைதான் என்று நினைக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆணியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் காற்று. வினிகர் மாதிரி புளித்த நாற்றத்தோடு பிசுபிசுவென்று வந்தால் ஊறல். காற்றுக் கொப்புளமென்றால் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, ரெசின் புட்டி வைத்து மேலே ஜெல்கோட் அடித்தால் போதும். எபாக்சி புட்டி வைக்கச் சொல்வார்கள், அதன்மேல் சாதாரண ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, கவனம்.

அப்புறம், அந்த போட் எந்த மாதத்தில் அச்சில் இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிய மேட்டைப் போட்டு, சீக்கிரம் காயட்டும் என்று ரெசினைக் கெட்டியாக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றுகிற வேலை நடக்கும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குக்குள் ஊற்றவேண்டியது அது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண போட்டுகளுக்காகத் திடீர் திடீரென்று யார்டுகள் முளைத்த காலத்தில் இந்தக் கூத்தை நிறையப் பார்த்தேன். நாங்களும் அவசரத்தில் சிலது அப்படி இறக்கியிருக்கிறோம், மறைக்க என்ன இருக்கிறது.

கடைசியாக ஐஸ் பெட்டியும் விளக்குக் கம்பியும். தடுப்புக்கும் ஐஸ் பெட்டிக்கும் வித்தியாசம் நடுவில் இருக்கிற ஃபோம்தான். அது இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் ஐஸ் தண்ணீராகிவிடும், மீன் ஏலத்தில் அடிபடும். பேசியதற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவு, முன்பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஆளை நேரில் பாருங்கள், கேட்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண் அது. "தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை" என்று பயமுறுத்துவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கத்தில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. நாலைந்து போட் வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற சம்மாட்டி என்றால் வாதம் வேறு மாதிரி போகும். நீங்களே கடலுக்குப் போகிறவர். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்கு போடவேண்டும், உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

அதனால் வழக்குக்கு அவசரமில்லை. துளைக்குத்தான் அவசரம். அடுத்த தடவை கடலுக்குப் போவதற்கு முன்னால் அணியத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, தூள் வந்ததா இல்லையா என்று ஒரு வரி அனுப்புங்கள் தம்பி.