புலிவார்டு ரோட்டுக்குக் கீழே ஓர் அகழி

அவையோருக்கு வணக்கம்.

திருச்சிக்காரர் யாரிடமாவது கோட்டை எங்கே என்று கேளுங்கள். கை தானாக உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் நீளும். மலைக்கோட்டை, மலைக்கோட்டை என்று சொல்லியே ஊரைச் சுற்றி நின்ற மதிலை மறந்துவிட்டோம். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. மதில் காப்பதை நொச்சி என்று தனித் திணையாகவே வைத்த மொழி நம்முடையது.

காவிரியின் தென்கரையிலிருந்து அரை மைலுக்குள், நாயக்கர் காலத்துக் கோட்டை ஊரையே நீள்சதுரமாக வளைத்திருந்தது. வெளியே 30 அடி அகலமும் 12 அடி ஆழமும் கொண்ட அகழி. பருவத்துக்குப் பருவம் நீர் ஏறும், இறங்கும், முழுக்க வற்றியதில்லை. அதைத் தாண்டினால் 18 அடி உயர வெளிமதில். பிறகு 25 அடி வெற்றிடம். அதற்கப்பால் 30 அடி உயர உள்மதில். அந்த உள்மதிலின் உட்புறம் நம் படித்துறையைப் போலப் பெரிய பெரிய கற்படிகளாக ஏறும். உச்சியில் 10 அடி அகலப் பாதை, ஆள் மறையும் கைப்பிடிச் சுவர், அதில் சுடுவதற்குத் துளைகள்.

அந்த 25 அடி வெற்றிடத்தைப் பாருங்கள். கட்டியவனின் மூளை அங்கேதான் இருக்கிறது. 1753 நவம்பரில் ஓர் இரவு, பிரெஞ்சுப் படை சத்தமில்லாமல் அகழியைக் கடந்து, வடமேற்கு மூலையில் வெளிமதிலைப் பிடித்தது. சுடக்கூடாது என்பது கட்டளை. ஆனாலும் பிடித்த பீரங்கிகளைத் திருப்பி ஊரை நோக்கி வெடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஆங்கிலேயப் படை விழித்துக்கொண்டது. முன்னே உயர்ந்த உள்மதில், பின்னே அகழி, ஏணிகளும் போயின. விடிந்தபோது நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தார்கள்.

பீரங்கிக்கும் தப்பிய மதிலை, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சி இடித்தது; அகழியைத் தூர்த்தது. மிஞ்சியது மேற்கு வாசலான மெயின்கார்டு கேட். அதையொட்டி ஓடும் மேலப்புலிவார்டு ரோட்டில் புலி எதுவும் இல்லை. பொலிவார்ட் என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் குறித்தது கோட்டை அரணைத்தான். இடித்த மதிலின் தடத்தில் போட்ட சாலைக்குப் பிறகு அதுவே பெயராயிற்று. இடித்தவர்களே தடயத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இன்று காலை அந்த வாசலின் நிழலில் சிறிது நேரம் நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க அதன் வழியே ஓடினார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளையோடு அந்த ரோட்டைக் கடக்கும்போது, கையைப் பிடித்தபடியே சொல்லுங்கள்: இங்கே தண்ணீர் இருந்தது, 12 அடி ஆழம்.