வீடு தேடுபவர் ஊரில் இல்லை: சுங்கை சிப்புட்டில் சமூக ஊடகம் வழியே வீடு விற்பது

[காட்சி: காலை ஏழு மணி. ஒட்டுக்கடை மேசை. தே தாரிக் குவளைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பேசி.]

வணக்கம். மேசையில் கிடக்கும் இந்தக் கைப்பேசிக்கு நேற்று இரவு பதினொரு மணிக்கு மேல் ஏழு செய்திகள் வந்தன. ஏழும் ஒரே வீட்டைப் பற்றியவை. அனுப்பியவர்களில் ஒருவர்கூட மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் இல்லை. மூவர் கிள்ளானில் இருக்கிறார்கள், இருவர் சிங்கப்பூரில். ஒருவர் பினாங்குத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். ஏழாமவர் லாரி ஓட்டுநர். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

நான் இங்கே வீடும் மனையும் விற்கும் முகவர். சமூக ஊடகத்தில் சொத்து விற்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடங்கள் ஏராளம். பெரும்பாலும் அவை கோலாலம்பூர் அடுக்ககங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பாதிதான் உதவும். ஏன் என்பதற்கு அந்த ஏழு செய்திகளே சாட்சி.

[காட்சி: செம்பனைத் தோட்டத்து மண்சாலை. தூரத்தில் லயத்து வீடுகள்.]

இங்கே வீடு வாங்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். அதற்கு முன் பால்மரம் சீவியவர். ஓய்வு பெற்றால் தோட்டம் தந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வயது கூடிவிட்டதால் வங்கி அவருக்கு நீண்ட காலக் கடன் தராது. கடன் மகன் பெயரில்தான் வரும். மகனோ ஷா ஆலத்தில். பணம் அவனுடையது, விருப்பம் அப்பாவுடையது, ஆனால் "சரி" என்று சொல்ல வேண்டியவர் அம்மா. இந்த மூவரும் ஒரே கூரையின் கீழ் கூடுவது தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான். மற்ற நாள்களில் அவர்கள் கூடும் இடம் குடும்பத்து வாட்ஸ்அப் குழு. புலனம் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் மகிழ்வார்கள். என் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப் என்றுதான் சொல்கிறார்கள்.

நாம் எடுக்கும் படமும் எழுதும் எழுத்தும் அந்தக் குழுவுக்குள் போகும். அங்கே நாம் இருக்க மாட்டோம். நம் சார்பில் அவைதான் பேசியாக வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை முகநூலில் போட்டேன். பளபளக்கும் படங்கள், நான்கு நிறத்தில் எழுத்து, கீழே "விலைக்கு அழைக்கவும்". நிறையப் பேர் எழுதினார்கள். எல்லாரும் எழுதியது ஒரே சொல்: "விலை?" பதில் சொன்னதும் காணாமல் போனார்கள். விலையை மறைத்தால் ஆவல் கூடும் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். சம்பள நாளில் கடைக்கணக்கு பார்த்தே வளர்ந்தவர்களுக்கு விலை சொல்லாத கடை என்றாலே சந்தேகம்தான்.

அடுத்த வீட்டுக்கு விலையை முதல் வரியிலேயே எழுதினேன். நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் சேர்த்தேன். பின்பக்கக் கூரை ஓரிடத்தில் ஒழுகுகிறது என்றும் எழுதினேன். உரிமையாளர் கோபித்துக்கொண்டார். செய்திகள் குறைந்தன. ஆனால் எழுதியவர்கள் நேரில் வந்தார்கள்.

[காட்சி: காலியான வீடு. கேமரா வாசலில் தொடங்காமல் சமையலறையில் தொடங்குகிறது.]

காணொளிக்கு வருவோம். வாசல், வரவேற்பறை, படுக்கையறை என்று எல்லாரும் எடுக்கும் வரிசையில் நான் எடுப்பதில்லை. முதலில் சமையலறை. மீன் பொரிக்கப் பின்புறம் இடம் இருக்கிறதா, தண்ணீர்க் குழாயின் வேகம் எப்படி, சாமி மேடை வைக்க எந்தச் சுவர் தோதானது? அம்மா கேட்கும் கேள்விகள் இவை. அடுத்து குளியலறைப் படி. முப்பது ஆண்டு மேடுபள்ளத்தில் குலை சுமந்த முழங்காலுக்கு ஆறு அங்குலப் படி பெரிய படி. அதற்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்துப் படம் எடுப்பேன். உயரம் சொல்லாமலே புரியும்.

பிறகு மழை. இந்த ஊரில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமில்லை. பெய்து ஓய்ந்த கால் மணி நேரத்துக்குள் போய் வடிகாலையும் சாலையையும் எடுத்துவிடுங்கள். வெயிலில் எடுத்த படத்தை நம்பாத பினாங்குப் பிள்ளை இதை நம்புவான். இன்னொன்று, வீட்டிலிருந்து மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போகும் வழியை வெட்டாமல் அப்படியே எடுங்கள். பேரப்பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்ற கணக்கு அவர்கள் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னணி இசை வேண்டாம். உங்கள் குரல் போதும்.

[காட்சி: மடிக்கணினித் திரை. தமிழில் எழுதப்பட்ட ஒரு வலைப்பதிவு.]

டிக்டாக் காணொளியும் முகநூல் பதிவும் சில நாள்களில் அடியில் போய்விடும். வலைப்பதிவு அப்படியல்ல, இரண்டு ஆண்டு கழித்து யாரோ கூகுளில் தேடும்போது எழுந்து வரும். ஆனால் அதில் வீட்டு விளம்பரத்தைப் போடாதீர்கள். விற்ற வீட்டின் விளம்பரம் யாருக்கு உதவும்? மக்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

"அப்பா வாங்கிய வீட்டை விற்றால் வரி கட்ட வேண்டுமா?" இது அடிக்கடி வரும் கேள்வி. மலேசியக் குடிமகன் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை; 2022 முதல் இதுதான் நிலை. இதை எழுத நான்கு வரி போதும். வங்கியில் வரிசையில் நின்று கேட்கத் தயங்கும் ஒருவர் நள்ளிரவில் படித்துக்கொள்வார்.

எழுதியதை விட்டுவிடவும் கூடாது. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுப்பது பற்றி எழுதி வைத்திருந்தேன். 2024 மே 11 அன்று கணக்குகளின் அமைப்பே மாறியது. புதிதாகச் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும் 15 செஜாத்தெரா கணக்குக்கும் 10 பிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. வீட்டுக்கான பணம் இப்போது செஜாத்தெராவில் இருக்கிறது. என் பழைய பதிவோ இன்னும் இரண்டாம் கணக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர் சேமநிதி அலுவலகத்துக்குப் போய்க் குழம்பித் திரும்பினார். இப்போது ஒவ்வொரு பதிவின் தலையிலும் கடைசியாகத் திருத்திய தேதியை எழுதுகிறேன்.

எழுதுவது தமிழில் என்றாலும் தலைப்பில் மலாய்ச் சொற்களை ரோமன் எழுத்திலேயே சேருங்கள். நம் பிள்ளைகள் "வரிசை வீடு" என்று கூகுளில் தேடுவதில்லை. rumah teres (ருமா தெரெஸ்) என்றுதான் தட்டுகிறார்கள். நிலப்பட்டாவைத் தேடுபவர் கெரான் என்பார். உள்ளே விளக்கம் தமிழில் கிடைத்தால் அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் மலாய்க்காரர் அல்லாதவர் வாங்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெட்ரோல் மிச்சம்.

பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் பற்றி ஒரே குறிப்பு. ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் காசு வீண். வட்டத்தைக் கிள்ளானிலும் பினாங்கிலும் போடுங்கள்.

[காட்சி: முகவரின் சிவப்பு அடையாள அட்டை.]

சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இன்று கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் தம்மை முகவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டப்படி, பதிவு பெற்ற நிறுவனத்தின் கீழ் இல்லாமல் தரகு வாங்குவது குற்றம். தண்டனை 300,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரும் உங்கள் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதினைந்து விநாடிக் காணொளியானாலும் இது பொருந்தும். தரகுக்கு உச்சவரம்பு 3 விழுக்காடு. அதையும் வெளிப்படையாக எழுதினால் வாதம் குறையும்.

கெரானைப் படம் எடுத்துப் பொதுவில் போடுவதை இன்னும் பார்க்கிறேன். அதில் உரிமையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அப்பாவின் அட்டை எண்ணை ஊர் முழுக்க ஒட்டுவீர்களா?

[காட்சி: நகரின் பழைய கடைவீதி.]

"சின்ன ஊர், இங்கே வாய்வார்த்தைதான் எடுபடும்" என்று மூத்த முகவர்கள் சொல்வார்கள். மறுக்க மாட்டேன். இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அன்று கேட்டவர்கள் ஒரே லயத்தில், எதிரே அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஐந்து ஊர்களில் இருக்கிறார்கள். வாய்வார்த்தை நிற்கவில்லை, கைப்பேசிக்குள் குடியேறியிருக்கிறது.

[காட்சி: மீண்டும் ஒட்டுக்கடை மேசை. கைப்பேசி ஒளிர்கிறது.]

இதோ, எட்டாவது செய்தி. கிள்ளான்காரர்களில் ஒருவர், "அண்ணா, அம்மா ஏதோ கேட்கிறார்" என்று எழுதி ஒரு குரல்பதிவை இணைத்திருக்கிறார். "தம்பி, அடுப்படிச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? பக்கத்து வீட்டுப் புகை உள்ளே வருமா?"

சன்னலை நான் எடுக்கவே இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, உரிமையாளரிடம் சாவியை வாங்கிக்கொண்டு மறுபடியும் அங்கே போகிறேன்.