பதினோராவது பத்தி

(திரையில்: பள்ளி வகுப்பறை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் முன்னாலிருக்கும் தலைகளை எண்ணுகிறான்.)

வணக்கம். ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழ்ப் பாடவேளை இப்படித்தான் நடக்கும். ஆளுக்கு ஒரு பத்தியாக எழுந்து நின்று வாசிக்க வேண்டும். முதல் பெஞ்சில் ஆரம்பித்து வரிசையாக வரும். என் முறை பதினொன்று. அதனால் முந்தின நாள் ராத்திரியே அக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்து, பதினோராவது பத்தியைப் படிக்கச் சொல்வேன். அவள் இரண்டு தடவை படித்தால் போதும், மூன்றாவது தடவை நானே சொல்லிவிடுவேன். மறுநாள் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தையும் பார்க்காமல் முழுப் பத்தியையும் ஒப்பிப்பேன்.

ஒரு நாள் இரண்டாவது பெஞ்சில் ஒருவன் வரவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு வந்திருப்பது பத்தாவது பத்தி என்று தெரிந்தது. என் வாயில் இருந்ததோ பதினோராவது. அதையே சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஏமாற்றுகிறான் என்று ஆசிரியர் வெளியே நிற்க வைத்தார். இந்தப் பையனுக்கு வாசிக்கவே வரவில்லையோ என்ற சந்தேகம் அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

அதற்கு டிஸ்லெக்ஸியா என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரிந்தபோது வயது 26.

(திரையில்: 1896 என்ற எண். பழைய மருத்துவ இதழின் பக்கம்.)

அந்தச் சொல்லை உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். 1880களில் அது நடந்தது. ஆனால் அவர் பார்த்தவர்கள், வளர்ந்த பிறகு மூளை பாதிக்கப்பட்டு வாசிக்கும் திறனை இழந்தவர்கள். பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்பதை 1896இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் பிரிங்கிள் மார்கன். இங்கிலாந்தின் சீஃபோர்டில் மருத்துவராக இருந்தவர்.

அவர் எழுதியது பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி. ஏழு வயதிலிருந்து பாடம் படிக்கிறான், விளையாட்டில் சுறுசுறுப்பு. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதினான். ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொன்னால் மிகச் சின்னச் சொற்கள் தவிர எதுவும் வரவில்லை. சரி, எண்களைக் காட்டுவோம் என்று 852017 என்ற எண்ணைக் காட்டினார் மார்கன். பெர்சி தடுமாறாமல் வாசித்தான். இயற்கணிதக் கணக்கு ஒன்றையும் சரியாகப் போட்டான். பாடம் எல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இந்த வரியை முதன்முதலாகக் கேட்டபோது வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கண்ணில் இல்லை. எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்ஸியா என்று பலரும் நினைக்கிறார்கள். எழுதப் பழகும் காலத்தில் டிஸ்லெக்ஸியா இல்லாத குழந்தைகள் பலரும் எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு உண்மையான சிரமம், ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்து, அந்தந்த எழுத்தோடு சட்டென்று இணைப்பதில்தான். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடும்ப வழியில் வருவதும் உண்டு.

(திரையில்: ‘கொ’ என்ற எழுத்து பெரிதாக. மூன்று துண்டுகளாகப் பிரிகிறது.)

இப்போது தமிழுக்கு வருவோம். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. ஆனால் வாயில் முதலில் வருவது க். மூன்று துண்டு, ஒரே ஒலி. உங்களுக்கு இது ஒரு நொடிகூட ஆகாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது, ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’. எண்ணிப் பாருங்கள், 17 எழுத்து. எழுத்துக்கூட்டிக் கடைசிக்கு வருவதற்குள் முதலில் படித்தது நழுவியிருக்கும். இருந்தாலும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் தமிழ் ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் நம் பிள்ளைகளில் பலர் தமிழை மெதுவாகவாவது படித்துவிடுவார்கள், ஆங்கிலத்தில்தான் விழுவார்கள். வீட்டில் என்ன சொல்வார்கள்? தமிழ் படிக்கிறானே, இங்கிலீஷ் மட்டும் ஏன் வரவில்லை, சோம்பேறித்தனம்தான். இல்லை. படிப்பது சரியா தப்பா என்பதோடு, எவ்வளவு மெதுவாகப் படிக்கிறான், படித்து முடித்ததும் எவ்வளவு களைத்துப்போகிறான் என்பதையும் பாருங்கள்.

(திரையில்: ஆய்வகம். ஏணிப்படி போல அடுக்கடுக்கான கருங்கோடுகள்.)

டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு வேறு ஏதாவது ஒரு பலம் இருக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? டிஸ்லெக்ஸியா உள்ள கேரல் கிரைடர் என்ற அமெரிக்க விஞ்ஞானியை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் அவரை மட்டும் வகுப்பிலிருந்து தனியே அழைத்துப்போய் எழுத்துப்பயிற்சி கொடுத்தார்கள். தனக்கு அறிவு குறைவு என்றே நினைத்துக்கொண்டார். சொல்லை ஒலிகூட்டிப் படிக்க வராததால் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளப் பழகினார். மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வில் மதிப்பெண் குறைவு, நேர்காணலுக்குக் கூப்பிட்டவை இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்கள். அதில் ஒன்றான பெர்க்லியில் சேர்ந்தார். 1984 கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய், முந்தின சோதனையின் படத்தை எடுத்துப் பார்த்தார். சீரான இடைவெளியில் ஏணிப்படி போன்ற கோடுகள். குரோமோசோம்களின் நுனிகளை நீட்டிக்கும் டெலோமரேஸ் என்ற நொதி அப்படித்தான் கண்ணில் பட்டது. 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2017இல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஜாக் துபோஷேக்கும் டிஸ்லெக்ஸியா உண்டு.

ஆய்வுகளும் இருக்கின்றன. 2003இல் வெளியான ஒன்றில், நிஜத்தில் இருக்கவே முடியாத உருவங்களைக் காட்டி, இது சாத்தியமா என்று கேட்டார்கள். டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் மற்றவர்கள் அளவுக்குச் சரியாகவும், அவர்களைவிட வேகமாகவும் சொன்னார்கள். ஆனால் எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை. அதனால் டிஸ்லெக்ஸியா இருந்தால் மேதை என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், அது இன்னொரு சுமை. ஒவ்வொருவருக்கும் வாய்ப்பது வேறு. சிலருக்கு வடிவம் பிடிபடும், சிலருக்குக் கதை சொல்ல வரும். எனக்குக் காது. இன்றைக்கு நான் வீடியோ எடிட்டர். பேசுகிறவர் மூச்சு எடுப்பதற்குக் கால் நொடி முன்னால் வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தானாகத் தெரிகிறது. பதினோராவது பத்தியைக் காதால் பிடித்த பழக்கம் அது.

உதவி என்ன? இதற்கு மாத்திரை இல்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, கை, காது, வாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பழக்குகிற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வைப்பது அதில் ஒரு முறை. நம் திண்ணைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே எழுத்து அறிமுகமானது! சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல வருடங்களாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை, 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் சேர்த்தார்கள். முறையான மதிப்பீடும் சான்றிதழும் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றைச் சலுகை என்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுவதை யாராவது சலுகை என்பார்களா? தயங்காமல் கேளுங்கள். அப்புறம், பாடத்தை யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்டுப் படிப்பதும் படிப்புதான்.

(திரையில்: மேஜை மேல் ஒரு போன். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.)

நீங்கள் கேட்ட இந்தக் குரலை நேற்று ராத்திரி பதிவுசெய்தேன். எழுதியதை வாட்ஸப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் போனில் ஒவ்வொரு பத்தியாகப் படித்தாள், இரண்டு தடவை. மூன்றாவது தடவை நான் பேசினேன்.